ஏறியவர், இறங்கியவர்

சங்கத்துக்கு அறை பட்டன் கடைக்கு மேலே.
ஒரு பீரோ, எட்டு நாற்காலி,
நைலான் கயிறு இரண்டு சுருள்,
நீள அட்டைப் பதிவேடு நாலு.
ஐந்தாவது என் மடியில்.

சாயப்பட்டறையில் கணக்கெழுதும் கை இது.
கிலோவுக்குக் கிலோ நேராகாமல்
சோற்றுக்குப் போகாது.
அதற்காகவே செயலாளர் ஆக்கினார்கள்.
தேதி, மலை, கிளம்பிய நேரம்,
ஏறியவர், இறங்கியவர், குறிப்பு.
ஏறியதும் இறங்கியதும் ஒன்றாக இருக்கவேணும்.
திருப்பூரில் எங்கள் சங்கத்துக்கு
வேறு கொள்கை கிடையாது.

ஒரே ஒரு தடவை ஒத்துவரவில்லை.
பாலமலை: ஏறியவர் பதினொன்று,
இறங்கியவர் பன்னிரண்டு.
குறிப்பு: நாய்.

மழை குடித்த பக்கம் ஒன்றும் உண்டு.
ஒன்பது பேர் கரைந்து
ஒரே நீலத் திட்டாகக் கிடக்கிறார்கள்.
அதில் தானும் இருப்பதாக நசீர் சத்தியம் செய்கிறான்.
அன்று மத்தியானம்
அவன் தங்கச்சி நிக்காவில்
எனக்குப் பிரியாணி வைத்தவனே அவன்தான்.
அப்படியானால் நான் எங்கே இருந்தேன்?
கீழே கிடக்கும் கையெழுத்து
என்னுடையதுதான்.

போன மாதம் நரிக்கல் கரடு.
வெள்ளெனக் கிளம்பி
எட்டரைக்கெல்லாம் குத்துப்பாறை அடியில் நின்றோம்.
உச்சிக்கு இன்னும் முப்பதடி.
கயிறு போட்டால்தான் ஆகும்.
ஒவ்வொருவராய் இடுப்பில் முடிச்சு வாங்கிப் போனார்கள்.
தமயந்தி மட்டும் உட்கார்ந்துவிட்டார்.

ஏனுங், மூச்சு வாங்குதுங்களா?
இல்லீங். இங்கயே சித்தெ இருந்துக்கறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு அவர்.
தையல் விட்ட இடத்தை
பார்க்காமல், விரலால் கண்டுபிடிக்கிறவர்.

பாறை நிழலில் நாங்கள் இரண்டு பேர்.
நான் பைகளை எண்ணினேன்,
ஏழு, மறுபடியும் ஏழு.
அவர் தெக்கால பார்த்தபடி
காற்றாலைகளை எண்ணினார்.
நாற்பத்தொன்று, சுற்றாதது மூணு.
மேலே யாரோ கூவினார்கள்.
கூவல் வந்து சேர்ந்தபோது
காற்று பாதியைத் தின்றிருந்தது.
ஒரு ஓணான் என் தொப்பி மேல் ஏறி
தலையாட்டிவிட்டுப் போனது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

அன்றைக்குப் பொழுதோட அறையில் எழுதினேன்.
தமயந்தி: எட்டவில்லை. உடல்நிலை.

ஞாயிறு கூட்டத்தில் பக்கத்தைப் புரட்டியவர்
என் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்து
"உடல்நிலை"யை ஒரே கோட்டில் அடித்து,
மேலே, பொடி எழுத்தில்,
"விருப்பம்."

எட்டவில்லை. விருப்பம்.

ஒன்பது வருசத்தில் இப்படி ஒரு வரி
இந்த நோட்டில் விழுந்ததில்லை.
முட்டி, வாந்தி, செருப்பு அறுந்தது,
மாமனார் சாவுச் சேதி,
எல்லாம் இருக்கிறது.
போதும் என்று ஒருத்தர் உட்கார்ந்தது இல்லை.

அவர் விரல் அங்கே நிற்கவில்லை.
வரிசையில் இறங்கிக்கொண்டே போய்
கடைசிப் பெயரில் நின்றது.
எட்டினார் என்றிருந்தது.

இது யாருங்?

நானுங்.

வேறொன்றும் கேட்கவில்லை.
டீ வந்தது. குடித்தார். போனார்.

அன்று ராத்திரி பீரோவைத் திறந்தேன்.
கயிறு போட்ட மலைகளை மட்டும்
தேடி எடுத்தேன்.
பதினேழு இடம்.
பதினேழிலும் எட்டினார்,
பதினேழிலும் நான் அடியில்,
பை மேல் பை அடுக்கி,
மேலே போனவர்களின் தலையை எண்ணிக்கொண்டு.
பொய் எழுத வேணுமென்று எழுதவில்லை.
எல்லாரும் இறங்கி வந்த சந்தோசத்தில்
என்னையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.
பட்டறையில் இப்படி ஒருவன் எழுதியிருந்தால்
நானே பிடித்திருப்பேன்.

சிவப்பு மையில் பதினேழு தரம் எழுதினேன்.
எட்டவில்லை. பை காவல்.
ஆண்டுவிழாவில் கொடுத்த கேடயத்தில்
"நூறு உச்சி" என்றிருக்கிறது.
கழித்தால் எண்பத்தி மூணு.
வெண்கலத்தை எதைக்கொண்டு அடிப்பது?
திருப்பி, முகம் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன்.
பின்பக்கம் விலைச் சீட்டு
இன்னும் ஒட்டியிருக்கிறது.

இன்றைக்கு அறிவிப்புப் பலகையில் எழுதியது:

வரும் ஞாயிறு, மறுபடியும் நரிக்கல் கரடு.
வேன் நாலே முக்காலுக்கு, தலைக்கு நூற்றிப்பத்து.
தண்ணீர் மூணு லிட்டர், தொப்பி.
நாய்க்கு அனுமதி உண்டு.
பை காவலுக்கு ஒரு ஆள் தேவை.