எண்பது சதவீதம்

லெவியிலிருந்து ரிவியேர்-டு-லூவுக்கு
நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்.
எண்பது சதவீத சார்ஜில், இந்தக் குளிரில்,
எங்கள் கார் ஓடக்கூடியது இருநூற்றுப் பதினொன்று.
மிச்சம் பதின்மூன்று.
அந்தப் பதின்மூன்றை ஒரு மாதமாக
கோட்டுப் பையில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல
தடவிக்கொண்டிருந்தேன்.
வழியில் சார்ஜ் போட இடங்கள் உண்டு.
நிறுத்தினால் திரும்பிவிடுவேன்,
எனக்கு என்னைத் தெரியும்.

எண்பதைத் தாண்ட விடவே மாட்டார் நோர்மான்.
பேட்டரிக்கு ஆயுசு குறையுமாம்.
நூறு என்பது நெடும்பயணத்துக்கு மட்டும்.
நாங்கள் நெடும்பயணம் போய் ஆறு வருஷம்.

வியாழன் காலை கிளம்புவதாக இருந்தேன்.
புதன் இரவு உறைமழை.
மழையாக இறங்கி
தொட்ட இடத்தில் கண்ணாடியானது.
மேப்பிள் கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்தன,
இருட்டில் யாரோ நடந்துகொண்டே
சொடக்கு எடுப்பதுபோல.
பிறகு கம்பி அறுந்தது.
பிறகு ஃபிரிட்ஜ் பேச்சை நிறுத்தியது.
இத்தனை காலம் அதுதான்
இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
நோர்மான் கராஜுக்குப் போனார்.
போன கோடையில் சுவரில் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி,
விலையைக் கேட்டு நான் மூன்று நாள் முகம் கொடுக்காத பெட்டி,
அதில் ஒரு விசையைத் திருப்பினார்.
வீடு திடுக்கிட்டு விழித்தது.
"பார்த்தாயா, யூகெட்!"
நின்ற இடத்திலேயே கார்
வீட்டுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது.

பார்த்தேன்.
ஒரு பானை பட்டாணி சூப்: ஐந்து கிலோமீட்டர்.
அவர் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை: அரை.
அடித்தளத்தில் தண்ணீர் ஏறாமலிருக்க பம்ப்,
அது எவ்வளவு குடித்தது என்று
எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.
என் தூரத்தை விளக்காக்கி
அதன் கீழே உட்கார்ந்து
அவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் மதியம்
என்னால் அவரைக் கமுராஸ்கா வரைதான் பிரிய முடியும்.

சாயங்காலம் ஜன்னலில் பார்த்தேன்:
பக்கத்து வீட்டு விட்லின்,
போர்-ஓ-பிரான்ஸிலிருந்து வந்து இது இரண்டாம் குளிர்காலம்,
கைக்குழந்தையை ஸ்வெட்டருக்குள் பொத்திக்கொண்டு
கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.
அவள் மூச்சு கூடத்துக்குள்ளேயே வெள்ளையாகத் தெரிந்தது.

ஆரஞ்சு நிற நீட்டு வயரை
நோர்மான் இழுத்துப் போனார் என்று சொன்னால்
கதைக்கு நன்றாக இருக்கும்.
நான்தான் இழுத்துப் போனேன்.
வேலியோரம் இருமுறை வழுக்கி விழுந்து,
ஹீட்டரைச் செருகி,
கம்பி சிவக்கும்வரை நின்று,
வந்துவிட்டேன்.
ஒரு ராத்திரிக்கு அறுபத்தாறு கிலோமீட்டர்.
லா பொகாத்தியேரை முழுசாகக் குடித்துவிட்டு
குழந்தை தூங்கியது.

வெள்ளி மதியம் பத்தொன்பது சதவீதம்.
மோன்மாக்னிக்குக்கூடக் காணாது.
ஒரு பெண் மோன்மாக்னி வரை போய் என்ன செய்வாள்,
காப்பி குடித்துவிட்டுத் திரும்புவாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஏன் என்று நோர்மான் கேட்கவில்லை.
அவர் கேட்பதில்லை, அதுதானே எல்லாமும்.

இரவு பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
தெரு முழுக்கக் கைதட்டல்.
ஆரஞ்சு வயர் பனிக்கட்டிக்குள் புதைந்து உறைந்துவிட்டது,
ஏப்ரலில்தான் எடுக்க முடியும் என்றார்.
கராஜுக்குப் போனார்,
வழக்கத்தைவிட நேரமாகி வந்தார்,
படுத்தார்.

ஒன்றரை மணிக்கு நான் இறங்கினேன்.
சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.
கார் ஒரு பூனையின் சத்தத்தில்
மின்சாரத்தை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.
திரையில் நாற்பத்தெட்டு.
அதன் கீழே, சின்ன எழுத்தில்,
எண்பதில் நிற்க வேண்டிய வரம்பு
நூறில் நின்றது.
முடியும் நேரம்: காலை ஆறு பத்து.

முன்பக்கக் கண்ணாடியின் பனியை
யாரோ சுரண்டித் துடைத்திருந்தார்கள்.

மேலே படுக்கையறையில்
குறட்டை கேட்கவில்லை.
நாற்பத்தொன்பது.
நான் அங்கேயே நின்றேன், கால் மரத்துப்போகும்வரை.
ஐம்பது.