பதின்மூன்றில் நான்கு

உள்ளே நுழையவே நூற்றைம்பது வெள்ளி.
உள்ளூர்க்காரனுக்கு மட்டும் அந்த மரியாதை.
ஆகவே என் முதல் உத்தி எளியது:
உட்காரும் முன்பே தோற்றிருக்கிறேன் என்பதை
மறக்காமல் உட்காருவது.

அடுத்து, மேசையைப் படிக்க வேண்டும்.
பிளாக்ஜாக் விழுந்தால்
இரண்டுக்கு மூன்று தருகிற மேசை பரவாயில்லை.
ஐந்துக்கு ஆறு என்று பச்சைத் துணியில்
பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால்
நாற்காலி எவ்வளவு மெத்தென்றிருந்தாலும்
எழுந்துவிட வேண்டும்.
பொடி எழுத்து எனக்குத் தெரியும்.
பகலில் நான் விற்பதே அதைத்தான்.

பீச் ரோட்டில் பதினோராவது மாடி.
ஆயுள், விபத்து, தீவிர நோய், மருத்துவமனைப் படுக்கை.
கீழே கோப்பிக் கடையில் ஒரு கோப்பி-ஓ வாங்கிக் கொடுத்து
'நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?' என்பேன்.
எங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியும்.
எத்தனை பேருக்கு என்று மட்டும்.
யாருக்கு என்றல்ல.

இங்கேயும் அவ்வளவுதான்.
எட்டுக் கட்டுச் சீட்டை
இயந்திரம் ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிறது,
எண்ணிக்கொண்டிருப்பவன் வெட்டி வேலை பார்க்கிறான்.
சகுனியின் பகடை தேவையில்லை.
நூற்றுக்கு அரை வெள்ளி போதும் வீட்டுக்காரனுக்கு,
பொறுமை இருந்தால்.
அவனுக்கு இருக்கிறது.

எட்டும் எட்டும் வந்தால் பிரி.
பத்தும் பத்தும் வந்தால் தொடாதே.
எதிரே ஆறு நின்றால்
கையில் பன்னிரண்டே இருந்தாலும் சும்மா இரு,
உடைவது அவளாக இருக்கட்டும்.
பதினாறுக்கு எதிரே பத்து என்றால்
இன்னொரு சீட்டு கேள்.
வயிறு வேண்டாம் என்னும்.
கேள்.
வயிற்றுக்குக் கணக்கு தெரியாது.

கோகிலவாணி என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்தவள்
தன் முன்னால் ஏஸைத் திறந்தாள்.
'இன்சூரன்ஸ்?'
மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
உள்ளங்கையை மெல்ல இழுத்தாள்.
என் தொழிலின் பெயரை
இவ்வளவு அழகாக யாரும் உச்சரித்ததில்லை.
தலையை ஆட்டி மறுத்தேன்.
பதின்மூன்று சீட்டில் பத்துகள் நான்கு.
மூன்றில் ஒன்று இருந்தால்தான் சமன்.
ஒரு விரற்கடை குறைகிறது.
என் வீட்டுக் கடனும் மகளின் டியூஷனும்
அந்த விரற்கடையில்தான் நடக்கின்றன.

'எனக்கு வேணும்.'
கடைசி நாற்காலியில் வடமலை.
துவாஸில் பாரந்தூக்கி ஓட்டுபவன்,
செவ்வாய்க்கிழமைதான் கையெழுத்துப் போட்டான்.
என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.
'நீங்கதானே சார் சொன்னீங்க,
எடுக்காம இருக்கவே கூடாதுன்னு.'
இருபத்தைந்து வெள்ளிச் சில்லைக் கோட்டில் வைத்தான்.

வாயைத் திறந்தேன்.
இங்கே வேண்டாம் என்றால்
அங்கே ஏன் என்று கேட்பான்.
மூடிக்கொண்டேன்.

எல்லோர் கையும் முடிந்தபின் இழுத்தாள்.
இஸ்பேட் ராணி.
ஐம்பது போய் ஐம்பது வந்தது அவனுக்கு.
என் இருபது, அழகான இரண்டு ராஜாக்கள்,
அப்படியே வாரிக்கொண்டு போகப்பட்டார்கள்.
அவன் தப்பாக ஆடித் தப்பித்தான்.
என் கணக்கு சரி.
சரியாகவே தோற்றேன்.

'பாத்தீங்களா சார்' என்று எழுந்து வந்து
தோளைத் தொட்டான்.
'ஊர்ல தங்கச்சி மாப்பிள்ளையும் அடுத்த மாசம் வர்றாரு,
அவருக்கும் ஒண்ணு போட்டுடலாம்.'
நுழைவுக் கட்டணம், ஐம்பது, திரும்பிப் போக டாக்சி
எல்லாம் அந்தக் கமிஷனில் அடைந்துவிடும்,
கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும்.
படிவம் கொண்டுவருகிறேன் என்றேன்.

அடுத்த கையில் எனக்குப் பதினாறு.
எதிரே பத்து.
வயிறு வேண்டாம் என்றது.
உள்ளங்கையைக் கிடையாக அசைத்தேன், போதும் என்று.
கோகிலவாணி ஒருமுறை நிமிர்ந்து
என்னைப் பார்த்தாள்.
பிறகு
சீட்டை இழுத்தாள்.