பயணச் செலவு: ஏதுமில்லை

விண்ணப்பத்தின் முதல் கேள்வி:
எங்கிருந்து வருகிறீர்கள்?
எதிர்ச்சாரியிலிருந்து, என்று எழுதினேன்.
பயணச் செலவு: ஏதுமில்லை.
தங்குமிடம்: என் வீடு,
உங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும்,
கொடியில் பேருந்து ஓட்டுநர் சட்டை காயும் வீடு.

ஃபண்டி விரிகுடாவில் எங்கள் துறைமுகம்
நாளுக்கு இரண்டு முறை
தன் தண்ணீரைத் தொலைத்துவிட்டு நிற்கும்.
ஓதம் வற்றினால் படகுகள் சேற்றில்
ஒருக்களித்துப் படுக்கும்.
பதினொரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு
அந்த வளைவில் திரும்புகிறேன்.
படகுகளின் அடிவயிறு எனக்கு மனப்பாடம்.

பழைய ஐஸ் கிடங்கை
ஆறு வாரத்துக்கு ஓவியருக்குக் கொடுக்கிறார்கள்:
சாவி, மேசை, மின்கணப்பு,
கொஞ்சம் பணம்.
இதுவரை வந்தவர்கள் தூரத்துக்காரர்கள்.
எல்லோரும் மூடுபனி வரைந்தார்கள்.
நல்ல மூடுபனிதான், குறை சொல்லவில்லை.

உங்கள் தூண்டுதல்?
மூன்று வரி இடம் விட்டிருந்தது.
ஒரு சுரண்டி, என்று எழுதினேன்.
ஆகஸ்டில் அன்செல்ம் டூசே படகைச் சுரண்டும்போது
ஒரு பெயின்ட் சில்லு
என் காலணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.
பிளேடால் குறுக்கே வெட்டி
மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
பதினாறு கோடுகள்.
வெள்ளை, சிவப்பு, வெள்ளை, கறுப்பு,
ஒரு மஞ்சள்,
முடி கனத்தில் ஓர் ஊதா,
அதன்மேல் அவசரமாய் இரண்டு வெள்ளை.

திட்டம் இதுதான்:
துறையின் நாற்பத்தொரு படகுகளிலும்
ஆளுக்கொரு சில்லு கேட்பது.
ஒவ்வொன்றையும் சுவரளவு பெரிதாக்கி வரைவது.
ஒரு கோடு ஒரு சாண்.
கீழே பென்சிலில் காரணம்:
கறுப்பு, துக்க வருடம்.
மஞ்சள், ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும்.

அனுமதிக் கையெழுத்துக்கு வந்த அன்செல்ம்
நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தார்.
சிங்கி இறால் கூட்டில் சிக்கிய கையைப்போல்
அவர் சிரிப்பு மெல்லத்தான் வெளியே வரும்.
"கறுப்பு, மாதா கோயில் கதவுக்கு வாங்கியதில் மிச்சம்.
மஞ்சள், தள்ளுபடி."
ஊதா?
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்,
விடை அங்கே எழுதியிருப்பதுபோல.
"அது நான் அடித்ததில்லை.
அந்த ஒரு பருவம் படகு லியோனியுடையது."

வழக்கு முடிந்தபோது
வீடு அவருக்கு, படகு அவளுக்கு.
அவள் ஊதா அடித்தாள், கடலுக்குப் போனாள்,
அந்த வருடம் துறையிலேயே அதிகம் பிடித்தாள்.
வசந்தத்தில் அவருக்கே விற்றாள், லாபத்தோடு.
"இரண்டு கோட் வெள்ளை அடித்தேன்.
அப்படியும் எட்டிப் பார்த்தது."

அன்றிரவு காரணங்களை எல்லாம் அழித்தேன்.
ரப்பர் தேய்ந்தது, தாளும் கொஞ்சம் தேய்ந்தது.
இனி நான் ஊகிப்பதில்லை.
சொன்னவர் சொன்னபடி,
சொல்லாதவருக்கு வெற்றிடம்.

லியோனி இப்போது பெட்ரோல் பங்க் நடத்துகிறாள்.
அந்த ஊதா எந்தக் கம்பெனி, என்றேன்.
பதில் சொல்லாமல் காலால் காட்டினாள்:
கடைக்கதவு சாத்தாமலிருக்க
முட்டுக் கொடுத்திருந்த தகர டப்பா.
இருபத்து மூன்று வருடக் காற்றைத் தடுத்த டப்பா.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினோம்.
மேலே தோல் கட்டியிருந்தது.
விரலால் குத்தினாள்.
அடியில் இன்னும் ஈரம்.

"எடுத்துக்கொண்டு போ," என்றாள்,
விரலைப் பழைய ரசீதில் துடைத்தபடி.
"அவன் சில்லுக்குப் பக்கத்திலேயே மாட்டு."

இறுதியில் என்ன படைப்பீர்கள் என்ற கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.
செலவுப் பட்டியலில் மட்டும்
ஒரு வரி சேர்த்தேன்:
பெட்ரோல் பங்க் கதவுக்கு
ஒரு கல், கனமானது.