எடைமேடை

நேர்ச் சாலையில்தான் அது தள்ளாடும்.
வளைவில் சமர்த்து.
கோல கெட்டில் தாண்டி
செம்பனை இருபுறமும் வரிசை பிடித்து நிற்கும்
அந்த நாலு கட்டைத் தூரத்தில்
இடப்பக்கம் ஒரு சாண் போகும்,
திருப்பினால் வலப்பக்கம் ஒன்றரைச் சாண்,
ஊட்டும் கைக்கு வாய் கொடுக்காமல்
தலையைத் தலையைத் திருப்பும் பிள்ளை மாதிரி.

ஏலத்தில் எடுத்தோம்,
பழைய நடமாடும் பல் மருத்துவ வேன்.
நோயாளிகள் துப்பிய தொட்டியில்
இப்போது முகம் கழுவுகிறோம்.
கிராம்புத் தைல வாசம் மட்டும்
எந்த சோப்புக்கும் மசியவில்லை.
பல் பிடுங்கிய இடத்தில் கட்டில் போட்டு
அதில் தூங்கிக்கொண்டு வருவார் குணபாலன்.
ஓட்டுவது நான்.

பழக்குலை லோரி முந்தும்போது
காற்று முதலில் எங்களைப் புதருக்குத் தள்ளும்,
பிறகு லோரியின் பக்கமே இழுக்கும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி,
அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை.
பின்னாலிருந்து குரல் வரும்:
"லீலா, ரோட்டைப் பார்த்து ஓட்டு."

லியோங் பட்டறையில்
டயருக்குக் காற்று வைத்தான்,
டை ராடு மாற்றினான்,
ஸ்டியரிங் பெட்டித் திருகை அரைச் சுற்று முறுக்கினான்,
நானூற்று முப்பது வெள்ளி வாங்கினான்.
"இனி நேரா போகும், அக்கா."
போனது,
சீனர் இடுகாடு வரைக்கும்.

இறுக்கிப் பிடித்தேன்.
இறுக்க இறுக்க இன்னும் அலைந்தது.
ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக்கூட
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆலைக்கு லோரி வராத நேரம்,
பழம் நிறுக்கும் எடைமேடையில்
ஏற்றச் சொன்னாள் ரொஸ்னானி.
முன் சக்கரம் தனியாக,
பின் சக்கரம் தனியாக.
முன்னால் ஆயிரத்து நூற்றுப் பத்து.
பின்னால் இரண்டாயிரத்து அறுபது.
சீட்டை நீட்டிவிட்டு
மலாயில் கேட்டாள், அங்கிள் எங்கே என்று.

அங்கிள் கட்டிலில்.
கட்டிலுக்கு அடியில் நிறைத் தொட்டித் தண்ணீர்,
அதற்கும் பின்னால் கேஸ் தோம்பு, அரிசி மூட்டை,
எதற்கும் இருக்கட்டும் என்று அவர் ஏற்றிய ஜெனரேட்டர்,
அது ஓடாவிட்டால் என்று
ஓடாத இன்னொன்று.
வாலில் இத்தனை பேர் உட்கார்ந்தால்
முன் சக்கரம் தரையை எப்படிக் கடிக்கும்?

தண்ணீரைப் பாதியாக்கினோம்.
ஜெனரேட்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.
எண்பத்து நான்கு கிலோவை
முன் இருக்கைக்கு மாற்றியதுதான் பெரும்பாடு.
பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு
முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்து வந்தார்.

அதே நாலு கட்டை.
விரல் நுனியில் பிடித்தேன்,
கண்ணைக் கடைசிச் செம்பனையில் வைத்தேன்.
லோரி முந்தியது. தள்ளியது. இழுத்தது.
வண்டி ஒரு விரற்கடை விலகி,
யோசித்து,
தானே திரும்பியது.
இல்லாத பிரேக்கை
அவர் கால் அமுக்கிக்கொண்டே இருந்தது.
அந்த நொடியை முதன்முதலாகக் கண்ணால் பார்த்திருக்கிறார்.
ரோட்டைப் பார் என்று சொல்லவில்லை.

பாலத்தின்மேல் மறுபடி கொஞ்சம் அலைந்தது.
"இது?" என்றார்.
"இது காற்று" என்றேன்.