அளவுகோலுக்குக் கீழே

தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.
பொறுக்கவில்லை.
தலைஞாயிற்றில் வாங்கினால்
நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிடும்.
திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஏறி
முகம் தெரியாத மெடிக்கலில் கேட்டேன்.
செய்தித்தாளில் சுற்றித் தந்தார்கள்,
திருட்டுச் சாமானைப் போல.

திங்கள் விடியலில், முதல் சிறுநீர்.
மூன்று சொட்டு.
சி-க்கு நேரே கோடு சட்டென்று சிவந்தது.
டி-க்கு நேரே
வெறும் வெள்ளை.
ஐந்து நிமிடத்தை அடுப்பில் பால் வைத்து எண்ணினேன்.
பால்தான் பொங்கியது.

மணவழகன் லீவு முடிந்து ஷார்ஜா போய் எட்டு நாள்.
'ஒண்ணா, ரெண்டா?' என்று அனுப்பியிருந்தான்.
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
கடைசியில் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

நர்ஸ் ஜெசிந்தா போனில் சிரித்தாள்:
'ஒனக்கு என்னடி அவசரம்.
முந்திப் பாத்தா இல்லைன்னுதான் காட்டும்,
இல்லைன்னு அர்த்தமில்ல.
ஒட்டியிருந்தா மொதல்ல ரத்தத்துல ஊறணும்,
ரெண்டு நாளைக்கு ஒருதரம் இரட்டிக்கணும்,
அப்புறந்தான் சொட்டுல தெரியும்.
நாள் தள்ளட்டும். அதுக்கு மறுநாள் பாரு.
நேரங்கழிச்சு ஏதாச்சும் கோடு தெரிஞ்சா
அதக் கணக்குல எடுக்காத.'

என் உத்தியோகம் அளவு எழுதுவது.
மேட்டூரில் திறந்த தேதி,
கல்லணையைத் தாண்டிய தேதி
எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன.
அரிச்சந்திரா நதிக்கு நேரே மட்டும்
பதினைந்து நாளாகப் பூஜ்யம்.

பதினொரு மணிக்கு லஸ்கர் வைரக்கண்ணு கூப்பிட்டார்.
'தண்ணி வந்துட்டும்மா.
நுரையும் சருகும் ஒத்தை ரப்பர் செருப்புமா
முன்னால வருது.'
எத்தனை அடி?
'அடியா? ஸ்கேலோட அடியவே இன்னும் தொடல.
வெடிப்பெல்லாம் குடிச்சுக்கிட்டிருக்கு.'

பதிவேட்டில் ஈரத்துக்குக் கட்டம் கிடையாது.
பூஜ்யம் என்றால் பொய்.
ஒன்று என்றாலும் பொய்.
பேனாவை மூடிவிட்டு
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏ.இ. பார்த்தால் கேட்பார். கேட்கட்டும்.

சாயங்காலம் சோப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து
அட்டையை எடுத்தேன்.
டி-க்கு நேரே
சாம்பல் நிறத்தில் ஒரு தடம்,
வாய்க்கால் காய்ந்த பின் கரையில் நிற்குமே,
அப்படி.
கணக்கில் எடுக்கக் கூடாது.
விளக்கடியில் இருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான்
அதே செய்தித்தாளில் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி திருத்துறைப்பூண்டி போக வேண்டும்.
இந்தத் தடவை வேறு கடை.