தொழில் என்கிற கட்டம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி. அவசரமே இல்லாத பெட்டிகள்.
அந்தப் பக்கம் கூட்டம் ஆறு மணிக்கு.
இந்தப் பக்கம் நான், ஆறு பத்து.

தேசப்பனின் ஜெராக்ஸ் கடை மாடியில்
பதினேழு நாற்காலி, இருபத்தாறு பேர்.
வட்டாரக் கடைகள் ஆதரவுக் குழு என்று
பழைய ஃப்ளெக்ஸின் முதுகில் பெயின்டால் எழுதி,
யாரோ ஒரு பாப்பாவின் காதணி விழா
லேசாகத் தெரிய மாட்டியிருந்தார்கள்.
சேர்க்கைப் படிவமும் அப்படித்தான்.
பின்பக்கம் கோணலாய் விழுந்த மதிப்பெண் பட்டியல்;
கணக்கில் முப்பத்தாறு. பாஸாகிவிட்டான் பாவி.

பெயர்: எப்சிபா.
முகவரி எழுதினேன்.
தொழில் என்கிற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

மாதவரம் கோடவுனில், ராத்திரி ஷிப்டில்,
மணிக்கு எழுபது பொருள் எடுத்துப் பையில் போடுகிறேன்.
கையில் கட்டிய கருவி பீப் என்றால் சோப்பு,
பீப் என்றால் பருப்பு,
பீப் என்றால் யாருக்கோ தலைவலி.
விடிவதற்குள் எல்லாம் எங்கள் சந்துகளுக்குத்தான் வருகிறது.
லூர்து அக்கா கடையில் சரம் சரமாய்த் தொங்கும் அதே ஷாம்பு
அக்கா கடையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகிறது.

அந்த அக்காவிடம் எனக்கு நானூற்றிப் பத்து ரூபாய் பாக்கி,
நோட்டில், மூன்று மாதமாய்.
அதற்காகத்தான் வந்தேன் என்று சொல்லலாம்.
முழுசும் அது இல்லை.

அத்தோ கடை செல்லையா எழுந்து
"நம்ம ஜனமே நம்மகிட்ட வர்றதில்லியே, ஏன்?" என்றார்.
விலை என்றது ஒரு குரல்.
வண்டி வுட எடம் ஏது என்றது இன்னொன்று.
தேசப்பன் மைக் இல்லாமலே கத்தினார்:
"இன்னிலேந்து ஒரு பொருள்கூட போன்ல வாங்க மாட்டோம்!"
கைதட்டல்.
நான் தட்டவில்லை.

போன வியாழன், ராத்திரி இரண்டே முக்காலுக்கு
என் கைக்கு வந்த சீட்டு:
தேசப்பன், எங்கள் தெரு, ஏழாம் நம்பர்.
தலைச்சாயம், கருப்பு, ஒன்று.

அவர் தலையைப் பார்த்தேன்.
நல்ல வேலைப்பாடு. காதோரம் மட்டும் கொஞ்சம் ஊதா.

லூர்து அக்கா கடையிலும் அந்த டப்பா இருக்கிறது,
மேல்தட்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில்.
கேட்டால் அக்கா ஸ்டூல் போட்டு ஏறுவாள்.
ஏறிக்கொண்டே "யாருக்கு, உனுக்கா?" என்பாள்.
பால் வாங்க நிற்கிற நாலு பேரும் திரும்புவார்கள்.
நானே நாப்கினை நாலு தெரு தள்ளித்தான் வாங்குகிறேன்.
முகம் தெரிந்ததால்தான் கடன் தருகிறாள்.
முகம் தெரிந்ததால்தான் கேட்கவும் முடியவில்லை.

எழுந்துவிட்டேன்.
"கேக்காமலே எடுக்கற மாதிரி
ஒரு தட்டு வைக்கலாம்க்கா. கல்லாவுக்கு முதுகு காட்டி.
வெல மேலயே எழுதி, கவரும் அங்கயே.
எங்க கோடவுன்ல அப்டித்தான்..."

சொல்லிவிட்டேன். எங்க கோடவுன்ல.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"அங்க வேல செஞ்சிகினு இங்க இன்னா வேல?"
பின்வரிசையில் யாரோ.
என்னிடம் பதில் இல்லை.
லூர்து அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்,
நோட்டில் பாக்கியைப் பார்க்கிற அதே பார்வை.

அப்போது தேசப்பன், ஃபேனைப் பார்த்துக்கொண்டு,
தேவைக்கு மேலே சத்தமாக:
"வழிமொழிகிறேன்."

சந்தா ஐம்பது. ரசீது எண் நாற்பத்தேழு.
காலியாய்க் கிடந்த கட்டத்தை அவர் பார்த்தார்.
நிரப்பச் சொல்லவில்லை.
மடித்து மேல்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

இறங்கி வந்தால் மறுபடி கேட்.
என் பைகளைச் சுமக்கிற பையன்கள் இரண்டு பேர்
வண்டியை அணைத்துவிட்டுப் போனைப் பார்த்து நின்றார்கள்.
பக்கத்தில் வந்து லூர்து அக்காவும் நின்றாள்.
ஒன்றும் பேசவில்லை.
பாதி ரயில் போனபிறகு கேட்டாள்:
"அந்தத் தட்டு எம்மாம் ஒசரம் இருக்கணும்?"

இடுப்பருகே கையை வைத்துக் காட்டினேன்.