நாற்பது

காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டில்
அந்தக் கண்ணாடிக் கடை.
நான் போய்ச் சேர்ந்தபோது நாலே கால்.
வாட்ச்மேன் என் உள்ளங்கையில்
பால்பாயின்ட் பேனாவால் 41 என்று எழுதினான்.
"வேர்த்தா அழிஞ்சிரும் சார், கையை மூடாதீங்க."

அறிமுக விலை முதல் நாற்பது பேருக்கு.
அதற்கப்புறம்
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கூட.

கார் உள்ளே
நீலத் துணி போர்த்தி நின்றது,
திரை போட்ட சன்னதி மாதிரி.
என்ன நிறம் என்றுகூட யாருக்கும் தெரியாது.
தெரியாததைப் பற்றி விடிய விடியப் பேசினோம்.
ஒரு சார்ஜில் திருச்சி போய்த் திரும்புமா,
கொடைக்கானல் ஏறுமா,
மணிநகரம் சுரங்கப்பாதையில் தண்ணி நின்னா
ஷாக் அடிக்குமா.
மூணாம் மாடி வாடகை வீட்டுக்கு
எங்கிருந்து ஒயர் இழுப்பது என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஜான்சிக்கு உசிலம்பட்டியில் பள்ளிக்கூடம்.
போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்,
இடுப்பில் ஒரு பெல்ட்.
எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

முன்னால் நின்றவர் நாற்பது.
சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்.
டிவிஎஸ் ஃபிப்டியில் இருட்டோடு வந்திருக்கிறார்.
"வெத்தலைக்குப் புகை ஆகாது தம்பி.
ஆட்டோவுல கொண்டு வந்தா வாடை ஏறிருது.
இதுல பின்சீட்டை மடக்கினா
நாலு கட்டு வைக்கலாமாம்ல?"
கார் வாங்க
இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதில்லை.

அஞ்சரைக்குப் பருத்திப்பால் சைக்கிள் வந்தது.
இரண்டு கிளாஸ் வாங்கி
ஒன்றை என் கையில் திணித்தார்.
சுக்கு தூக்கலாக இருந்தது.
காசு நீட்டினேன்.
"வண்டி வந்ததும் ஒரு ரவுண்டு
சேர்ந்து போவோம், சரியாப் போகும்."

ஆறே முக்காலுக்கு அவர் போன் அடித்தது.
"எப்ப?" என்றார்.
"பெரியாஸ்பத்திரியா?" என்றார்.
பிறகு ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார்,
தான் நின்ற அதே இடத்தில்.
"பாத்துக்கங்க தம்பி, வந்துர்றேன்."
வெறுந்தலையோடு வண்டியை மிதித்துக் கிளம்பினார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ரேஷன் கடையில் கல்லும்
குழாயடியில் குடமும்
மனுசருக்குப் பதிலாக நின்ற ஊர்தானே.
ஒன்பதரைக்குக் கதவு திறந்தது.
வரிசை ஒரு அடி நகர்ந்தால்
ஹெல்மெட்டும் ஒரு அடி.
முதலில் காலால் தள்ளினேன்.
அப்புறம் வெட்கமாகி
குனிந்து குனிந்து எடுத்து வைத்தேன்.

வெயில் ஏறியது.
நாற்பத்திரண்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து
"ஹெல்மெட்டுக்கெல்லாம் கார் குடுப்பாகளா?" என்றான்.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்க வேண்டாம்.
ரோட்டைப் பார்த்தேன்.
கடந்துபோன ஒவ்வொரு டிவிஎஸ்ஸும்
வேறு யாரோ.
அவர் வந்துவிட வேண்டும் என்று பார்த்தேனா,
வந்துவிடக் கூடாது என்றா,
இப்போது கேட்டால்
எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.

பதினொன்று பத்து. கதவடி.
கம்பெனி பனியன் போட்ட பெண்
"கையைக் காட்டுங்க சார்" என்றாள்.
விரித்தேன்.
ஒரு நாலு.
பக்கத்தில் நீலமாக ஒரு தீற்றல்.
எப்போது கையை மூடினேன் என்று தெரியவில்லை.
"நாப்பதா?"
அவளாகத்தான் படித்தாள்.
நான் திருத்திப் படிக்கவில்லை.

குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.
துணியை எடுத்திருந்தார்கள்.
கார் சாம்பல் நிறம்.

சாயங்காலம் திரும்பப் போய்
வாட்ச்மேனிடம் என் நம்பரைக் கொடுத்தேன்.
மூன்று மாதம் ஆயிற்று.
ஹெல்மெட் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது,
உள்பக்கம் மார்க்கரில்
நாகு, ஓ பாசிட்டிவ்.
யாருடையது என்று ஜான்சி கேட்டாள்.
வரிசையில் ஒருத்தர் விட்டுட்டுப் போயிட்டார் என்றேன்.
பொய்யில்லை.

வண்டி பங்குனியில் வருமாம்.
புக்கிங் தாளில்
பின்சீட்டை மடக்கினால் எவ்வளவு இடம் என்று
லிட்டரில் போட்டிருக்கிறது.
ஒரு வெற்றிலைக் கட்டு
எத்தனை லிட்டர்?